நாற்பத்து மூன்று செக்கன்

— உன்ரை சாமானெண்டு அதிலை பேர் எழுதிக் கிடக்கோ?

— எழுதிக் கிடக்கு, அன்ரி. ராக்கெட்டின்ரை செட்டையிலை பாருங்கோ. வினோஜா எண்டு போட்டு, கீழை என்ரை போன் நம்பரும் போட்டிருக்கிறன். கண்டெடுத்தவை ஒருக்கா எடுத்துச் சொல்லுங்கோ எண்டும் எழுதினனான்.

— ஆகாயத்திலையிருந்து விழுந்த சாமானைக் கையிலை தூக்கித் திருப்பித் திருப்பி வாசிக்க எனக்கென்ன விசரோ? சண்டைக் காலத்திலை எங்களுக்குச் சொல்லித் தந்தது வேறை. கிடக்கிறதைத் தொடாதை. காலாலை தட்டாதை. வந்த அடியிலையே திரும்பிப் போ. விளங்குதோ?

— ஆனால் நீங்கள் தொட்டிருக்கிறியளே. முருங்கையிலை கொழுவினதை இறக்கி வீட்டுக்குள்ளை வைச்சிருக்கிறியள். மரத்திலை இப்ப நூல் மட்டும்தான் தொங்குது.

— ஓ, வேலிக்குள்ளாலை எட்டிப் பாக்கிற பழக்கமும் இருக்கோ?

— நாலு நாளாத் தேடுறன், அன்ரி. தரவை வெளி முழுக்க நடந்திட்டன். காலமை ஊர் விதானையார் போன் எடுத்தாப் பிறகுதான் இஞ்சை கிடக்கெண்டே தெரியும்.

— விதானையார் வேறை என்ன சொன்னவர்?

— பாலேஸ்வரி எண்டு ஒரு அம்மா என்ரை பேரிலை முறைப்பாடு எழுதிக் குடுத்திருக்கிறா எண்டார். சனம் இருக்கிற இடத்துக்கு மேலாலை வெடிபொருள் விட்டதெண்டு எழுதியிருக்காம். திங்கக்கிழமை வரைக்கும் அதைத் தன்ரை மேசை லாச்சிக்குள்ளை வைச்சிருப்பாராம். அதுக்குள்ளை போய்க் கதைச்சுத் தீர்க்கட்டாம். தீராட்டில் பொலிசுக்கு அனுப்புவாராம்.

— அப்ப இது கதைச்சுத் தீர்க்க வந்த கதையோ? நான் நினைச்சன், சண்டைக்கு வந்திருக்கிறாய் எண்டு.

— நான் ஒண்டு கேக்கட்டோ? என்ரை பேரை முழுசா எழுதிக் குடுத்திருக்கிறியள். செட்டையை வாசிக்கேல்லை எண்டால் பேர் எப்பிடித் தெரிஞ்சுது?

— வாய் நல்லா நீளம். சண்முகநாதன் மாஸ்டரின்ரை மகள்தானே நீ? அந்த மனிசன் வகுப்பிலைகூடக் குரல் உயத்திக் கதைக்காது. இது ஆற்றை வாயோ தெரியாது.

— அப்பாவை இழுக்காதேங்கோ.

— இழுத்தால் என்ன செய்வாய்? எனக்கு மேலாலையும் ஒண்டு விடுவியோ?

— அன்ரி, நான் கெஞ்சத்தான் வந்தனான். பதினெட்டாம் திகதி எனக்கு ஆசிரியர் நியமனம். விஞ்ஞானம். மூண்டு வருஷம் வீட்டிலை இருந்து காத்தது. நியமனத்துக்குப் பொலிஸ் ரிப்போட் கேக்கிறாங்கள். என்ரை பேருக்குப் பக்கத்திலை வெடிபொருள் எண்டு ஒரு சொல் ஏறிச்சுதெண்டால் முடிஞ்சுது. பிறகு ஆர் வந்து சொன்னாலும் அழியாது. இந்த ஊரிலை அது எப்பிடியெண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

— தெரியுதெல்லே? அந்தப் புத்தி நெருப்பு வைக்கேக்கை எங்கை போனது?

— அது வெடிக்கிறதில்லை, அன்ரி. எரியிறது. உடம்பு கடுதாசிக் குழாய். மூக்கு ரெஜிபோம் நுரை. அடியிலை என்ரை விரல் பருமனிலை மருந்து, அவ்வளவுதான். எல்லாம் சேர்த்து நிறுத்தால் ஒரு மாம்பழ நிறை வராது.

— அந்தக் குடை?

— அது பரசூட். இறங்கேக்கை விழுந்து உடையாமல் இருக்க. பழைய மழைக்கோட்டுப் பிளாஸ்ரிக்கிலை வெட்டினது.

— வெள்ளை நிறம்.

— ஓம். வீட்டிலை கிடந்தது வெள்ளை.

— அதுக்குக் கீழை ஒரு லைற்.

— குட்டி லைற். இருட்டுப்பட்டால் எங்கை விழுந்ததெண்டு தேடிப் பிடிக்க.

— பட்டப்பகலிலை விட்டால் லைற் தேவையில்லையே. ஏன் பொழுதுபடேக்கை விடுறாய்? ஒளிச்சு விடுறியோ?

— ஒளிக்க என்ன இருக்கு? சோளகக் காத்துப் பகல் முழுக்க அடிச்சுக்கொண்டு நிக்குது. பொழுதுபடேக்கைதான் காத்து விழும். அண்டைக்கு அதுவும் விழேல்லை. தரவையிலை நிண்டு நேரை மேலை விட்டது, இறங்கேக்கை இழுபட்டு உங்கடை வளவுக்கு வந்திட்டுது. என்ரை கணக்குப் பிழை. அதை ஒத்துக்கொள்ளுறன்.

— வெள்ளைக் குடை. கீழை லைற். பொழுதுபடுற நேரம். இந்த மூண்டையும் ஒண்டாச் சேர்த்துப் பாத்திட்டு ஒருத்தரும் உனக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?

— என்னத்தைச் சொல்லுறது?

— எத்தினை வயசு உனக்கு?

— இருபத்தைஞ்சு.

— பரா லைற் தெரியுமோ?

— கேள்விப்பட்டிருக்கிறன்.

— கேள்விப்பட்டிருக்கிறாய். சரி, வடிவாக் கேள். ஆமி செல் குண்டு அடிக்க முன்னம் ஆகாயத்திலை ஒரு வெளிச்சத்தைக் கொண்டுவந்து தொங்கவிடுவாங்கள். சின்னக் குடையிலை தொங்கிக்கொண்டு, ஒரு அவசரமும் இல்லாமல் இறங்கும். ஊர் முழுக்கப் பகல்போலை. அது அசைய அசைய, நிண்ட இடத்திலை நிக்கிற பனையின்ரை நிழல் நடக்கும். அந்த வெளிச்சத்திலை ஆமி எங்களைப் பாப்பான். அணையிறதுக்குள்ளை பங்கர்க் கிடங்குக்குள்ளை பூந்திடோணும். பூந்தவை மிஞ்சுவினம். அவ்வளவுதான் பரா லைற்.

— எனக்குத் தெரியேல்லை, அன்ரி. சத்தியமாத் தெரியேல்லை.

— கொம்மாவுக்குமோ தெரியாது? கொப்பருக்குமோ?

— அவை பாக்கேல்லை. நானும் என்ரை சிநேகிதன் லோஜனும்தான் தரவையிலை நிண்டனாங்கள். அவனுக்கும் என்ரை வயசுதான்.

— எவ்வளவு நேரம் நிண்டது?

— எது?

— அந்த லைற். ஆகாயத்திலை எவ்வளவு நேரம் நிண்டது?

— நாப்பத்து மூண்டு செக்கன். லோஜன் வீடியோ எடுத்தவன். உச்சியிலை பரசூட் விரிஞ்சதிலையிருந்து தரவைக்கரை மரங்களுக்குப் பின்னாலை மறையிற வரைக்கும்.

— வடிவாப் பாத்தனியோ? நாப்பத்து மூண்டோ?

— ஒண்டு முன்னைப் பின்னை இருக்கும்.

— அவ்வளவுதானோ?

— கனக்க எண்டு சொல்லுறியளோ, காணாதெண்டு சொல்லுறியளோ, எனக்கு விளங்கேல்லை.

— நான் ஒண்டும் சொல்லேல்லை. கேட்டனான்.

— உங்கடை கையிலை என்ன கட்டு?

— விழுந்தது.

— அண்டைக்கோ?

— என்ரை கையைப் பாக்காதை. என்ரை முகத்தைப் பாத்துக் கதை.

— பாத்துத்தான் கதைக்கிறன். நான் செய்தது பிழைதான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. காலிலை விழச் சொன்னாலும் விழுறன். ஆனால் சண்டை முடிஞ்சு பதினாறு வருஷமாச்சு, அன்ரி. ஒரு குட்டி லைற்றைக் கண்டு நீங்கள் பயந்ததுக்கு நான் என்ரை சீவியத்தைக் குடுக்கோணுமோ?

— பதினாறு வருஷமும் மூண்டு மாசமும். அதை எண்ணுறதுக்கு இந்த வீட்டிலை ஆள் இருக்கு. நீ கஷ்டப்பட வேண்டாம்.

— நான் அப்பிடிச் சொல்ல வரேல்லை.

— சொல்லிப்போட்டாய். சொன்னது சொன்னதுதான். இந்தா பேப்பர். இந்தா பேனை. குந்தி எழுது.

— என்னத்தை எழுத?

— சண்முகநாதன் வினோஜா ஆகிய நான், இனி என்ரை சீவியத்திலை ராக்கெட் கட்டவும் மாட்டன், விடவும் மாட்டன் எண்டு எழுது. எழுதிக் கையெழுத்து வை. அதை விதானையாரிட்டைக் குடுத்திட்டு முறைப்பாட்டைத் திருப்பி வாங்குறன்.

— இந்தப் பக்கம் விடமாட்டன் எண்டு எழுதுறன்.

— விடமாட்டன் எண்டு எழுது. பக்கம் வேண்டாம்.

— அன்ரி, ஒரு சொல்லுக் கேளுங்கோ. லைற் கட்டமாட்டன். வெள்ளை போடமாட்டன். பரசூட்டைச் சின்னனாக்கினால் கெதியா விழுந்திடும். கை அகலத்துக்கு வெட்டிறன். பத்துச் செக்கனிலை நிலத்திலை கிடக்கும். ஒருத்தரின்ரை கண்ணிலையும் படாது. கொடிகாமத்துக்கு அங்காலை எங்கையாவது வெட்டைக்குப் போய் விடுறன். என்னைக் கண்டதெண்டே ஒருத்தரும் சொல்லாயினம்.

— அப்பிடி ஒளிச்சு ஒளிச்சு விட்டு என்ன காணப் போறாய்? சந்திரனுக்கோ போப்போறாய்?

— இல்லை.

— வெளிநாட்டிலை காசு தருவாங்களோ?

— இல்லை.

— கலியாணம் பேசி வாறவங்கள் கேட்டால் என்ன சொல்லுறது? பிள்ளை நல்லாச் சமைக்கும், ராக்கெட்டும் விடும் எண்டோ?

— சிரியுங்கோ. ஊரும் சிரிக்குதுதானே. ஒரு பெடியன் விட்டிருந்தால் கெட்டிக்காரன் எண்டிருப்பியள்.

— பெடியன் விட்டிருந்தால் படலையிலை வைச்சே கன்னத்தைப் பொத்தி அடிச்சிருப்பன். சொல்லு, என்ன காணப் போறாய்?

— மேலை போகேக்கை ஒரு சத்தத்தோடை போகும், அன்ரி. மருந்து முடியும். சத்தம் நிண்டிடும். அதுக்குப் பிறகும் கொஞ்சம் மேலை போகும். பிறகு உச்சியிலை ஒரு கணம், ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, சும்மா நிக்கும். அந்த நேரத்திலை அது ஆரின்ரையும் இல்லை. இந்த ஊரின்ரையும் இல்லை. அதைக் காணத்தான் நான் ரெண்டு மாசம் கடுதாசி ஒட்டுறன். வேறை ஒண்டுக்கும் இல்லை.

— அந்தக் கணத்திலைதான் பிள்ளை, நாங்கள் குப்புற விழுந்து படுக்கிறது. எழுது.

— ஆரது பாலேசு? ஆர் வந்திருக்கினம்? எட, உது எங்கடை மாஸ்டரின்ரை பெட்டையெல்லோ!

— வணக்கம், அங்கிள்.

— இரு பிள்ளை, இரு, எழும்பாதை. கை முழுக்க வெங்காயச் சேறு. நான் தம்பிஐயா. கொப்பரிட்டைக் கேள், சொல்லுவார். ரெண்டு பேரும் ஒரே வாங்கிலை இருந்து படிச்சனாங்கள். அவர் படிச்சார், நான் இருந்தன். ராக்கெட் விட்ட பிள்ளை நீதானோ?

— ஓம், அங்கிள். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

— பலே! மன்னிக்க என்ன கிடக்கு? நான் மனிசிக்கு அண்டைக்கே சொன்னனான், சின்னப் பிள்ளையளின்ரை விளையாட்டு, விட்டுத் தள்ளும் எண்டு. மனிசி கேட்டால்தானே. அண்டைக்கு மனிசி போன போக்கை நீ பாத்திருக்கோணும், பிள்ளை. நேரை மேசைக்குக் கீழை! நான்தான் கையிலை பிடிச்சு, இஞ்சாரும், அது ஆரோ பட்டத்துக்கு லைற் கட்டி விடுறாங்கள், பயப்படாதையும் எண்டு சொல்லி வெளியிலை இழுத்தனான்.

— ஓம். நான்தான் பயந்தனான்.

— பாத்தியோ, தன்ரை வாயாலையே சொல்லுறா. சரி, அதை விடு. எவ்வளவு உயரம் போனது?

— நூற்றைம்பது மீற்றர் வரும், அங்கிள். மூக்குக்குள்ளை ஒரு சின்னக் கருவி இருக்கு, அதிலை சரியான கணக்குப் பதிஞ்சிருக்கும்.

— அம்மாடி. ஏழெட்டுப் பனை உயரம். என்னத்திலை போகுது? மண்ணெண்ணெயோ?

— மருந்துக்குள்ளை சீனியும் கலந்திருக்கு.

— சீனியோ? கேட்டீரோ பாலேசு? எனக்குப் பத்து வருஷமாச் சீனி வருத்தம். ஆராவது ஒரு நெருப்புக்குச்சியை வைச்சு விட்டால் நான் பனைக்கு மேலாலை போவன்.

— உங்கடை பகிடியைக் கேக்க அது வரேல்லை. எழுத வந்தது.

— எழுதட்டும், எழுதட்டும். அந்தப் படத்தைப் பாக்கிறாய் என்ன, பிள்ளை? அது எங்கடை மூத்தவள். நிவேதனா. இப்ப இருந்தால்... இப்ப இருபத்தொன்பது வயசு.

— வடிவான ஆள், அங்கிள்.

— கெட்டிக்காரி. சண்டையின்ரை கடைசி நேரத்திலை அங்கை நானும் அவளும்தான். மனிசி சின்னவனோடை ரெண்டு நாள் முன்னம் தண்ணி கடந்து ஆமியின்ரை பக்கம் வந்திட்டா. நாங்கள் பிறகு வெளிக்கிட்டம். சனம் நெரிச்சுது, கை விலகிட்டுது. அவளை ஆமிக்காரர் வேறை பஸ்ஸிலை ஏத்திப்போட்டாங்கள். நான் கண்ணாலை கண்டனான், பிள்ளை. சிவப்புச் சட்டை. யன்னலாலை கை காட்டினவள். எங்கையோ இருக்கிறாள். அதுதான் உந்தப் படத்துக்கு நாங்கள் மாலை போடேல்லை. மனிசி எட்டு வருஷமாக் கிழமைக்கு ஒருக்கா உந்தப் படத்தையும் கொண்டு ஏ-நைன் றோட்டுப் போராட்டப் பந்தலிலை போய் இருக்கிறவ. காணாமல் போன பிள்ளையளின்ரை தாய்மார் எல்லாரும் இருக்கினம்.

— தேத்தண்ணி ஆறுது. குடிச்சிட்டு ஒருக்காக் கடையடிக்குப் போட்டு வாங்கோ. சீனி முடிஞ்சுது.

— சீனி வருத்தக்காரனைச் சீனி வாங்க அனுப்புறா, கண்டியோ பிள்ளை? இதுக்கு ஆரிட்டை முறைப்பாடு எழுதிக் குடுக்கிறது?

— சைக்கிள் திறப்பு ஆணியிலை கிடக்கு.

— எடுத்திட்டன். பிள்ளை, மனிசி கத்துறதைப் பெரிசா எடுக்காதை. மனம் கெட்ட மனிசி இல்லை. எனக்கு உன்ரை ராக்கெட் பிடிச்சிருக்கு. ஒரு நாளைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு, என்ன? பகலிலை. பகலிலை எண்டால் வடிவாப் பாக்கலாம்.

— கட்டாயம், அங்கிள்.

— வாறன்.

— நல்ல மனிசன்.

— எழுது.

— அவர் ஒரு குறையும் சொல்லேல்லை. பயப்பிடவும் இல்லை. உங்கடை பயத்தை அவர் பகிடியாக்கிப்போட்டார் எண்டுதான் உங்களுக்கு என்னிலை இவ்வளவு ஆத்திரம்.

— எழுது எண்டனான்.

— நாலு நாளா வைச்சிருக்கிறியளே, பொலிசிலை குடுக்கிறதெண்டால் அண்டைக்கே குடுத்திருக்கலாம். ஏன் குடுக்கேல்லை? என்னை இந்தக் கதிரையிலை இருத்தி எழுதுவிக்கவோ? அதிலை என்ன சந்தோசம், அன்ரி, உங்களுக்கு?

— திகதியை மேலை போடு. எழுத்து விளங்கோணும்.

— போட்டாச்சு. இனி என்ரை சீவியத்திலை... கட்டவும் மாட்டன்... விடவும் மாட்டன். கையெழுத்து. இந்தாங்கோ. திருப்தியோ? பதினெட்டாம் திகதி நான் வகுப்புக்குப் போவன். ராக்கெட் எண்டு பாடம் வரும். புத்தகத்திலை இருக்கிற படத்தைக் காட்டிப்போட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவன். ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டால், ரீச்சர் இது எப்பிடிப் பறக்குமெண்டு, சண்டிலிப்பாயிலை ஒரு அம்மாவைப் போய்க் கேள் எண்டு சொல்லுறன்.

— படலை சாத்தின சத்தம் கேட்டதோ?

— கேட்டது.

— யன்னலாலை எட்டிப் பார். போட்டாரோ?

— ஒழுங்கை முடக்கிலை திரும்பிட்டார். சைக்கிள் இப்ப தெரியேல்லை. என்ன... என்ன செய்யிறியள்? ஏன் கிழிக்கிறியள்? இவ்வளவு கேட்டு எழுதுவிச்சுப்போட்டு என்ரை கண்ணுக்கு முன்னாலையே கிழிக்கிறியளோ? அப்ப பொலிசுக்குத்தான் அனுப்பப் போறியள்!

— கத்தாதை. அவர் வீட்டிலை நிண்டதாலை எழுதுவிச்சனான். வேறை என்னத்தை உன்னோடை கதைக்கிறது? குந்து.

— நான் குந்தேல்லை.

— நிண்டுகொண்டு கேள் அப்ப. இந்தா, இந்த உரப்பையைப் பிடி. உன்ரை சாமான்.

— ஒரு செட்டைதான் உடைஞ்சிருக்கு. பரசூட்டை... பரசூட்டை ஆர் இப்பிடி மடிச்சது?

— நான்தான். ஒவ்வொரு நாளும் விரிச்சுப் பாத்துப்போட்டு மடிச்சு வைச்சனான்.

— ஏன்?

— இந்தக் கட்டை அவிழ்க்கிறன். பார்.

— ஐயோ. விழுந்ததெண்டு சொன்னியள். இது நகம், அன்ரி.

— அவரின்ரை நகம்.

— அங்கிளின்ரையோ? மேசைக்குக் கீழை போனது நீங்களெண்டு அவர்...

— அவர் சொல்லுவார். நானும் ஓமெண்டு சொன்னனான், நீ கேட்டாய்தானே. மேசைக்குக் கீழை பூந்தது அவர். என்னை இழுத்து விழுத்தி, எனக்கு மேலை படுத்தவர். சிமெந்துத் தரையைக் கையாலை கிண்டினவர். லைற் யன்னலாலை தெரிஞ்சுகொண்டு நிண்டது. அதைப் பாத்துக்கொண்டே கதைச்சவர்.

— என்ன கதைச்சவர்?

— பதினாறு வருஷமா அந்த மனிசன் வெங்காயம் கதைக்கும், அரசியல் கதைக்கும், பகிடி விடும். அந்த ஒண்டு மட்டும் எப்பவும் ஒரே மாதிரி. கை விலகிட்டுது, வேறை பஸ், சிவப்புச் சட்டை, யன்னலாலை கை காட்டினவள். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. அதாலைதான் நான் நம்பினனான்.

— அண்டைக்கு என்ன சொன்னவர், அன்ரி?

— முகத்திலை போடாதேங்கோ எண்டார்.

— என்னத்தை?

— முகத்திலை மண் போடாதேங்கோ. பொறுங்கோ, என்ரை சாரத்தாலை மூடுறன். மூடினாப் பிறகு போடுங்கோ. வெளிச்சம் நிக்கேக்கையே மூடிப்போட்டு வெளிக்கிடோணும் எண்டார்.

— அன்ரி...

— என்ரை பிள்ளை பஸ்ஸிலை ஏறேல்லை. எட்டு வருஷம் அந்தப் பந்தலிலை இருந்து, றோட்டாலை போற பஸ் எல்லாத்தின்ரை யன்னலையும் பாத்தனான். சிவப்பாக் கண்டால் எழும்பி நிப்பன்.

— நீங்கள் கேக்கேல்லையோ? எங்கை, எப்ப எண்டு?

— அந்த மேசைக்குக் கீழை வைச்சே கேட்டனான். என்ரை கையை அவர் பிறாண்டப் பிறாண்டக் கேட்டனான். எந்த இடம், என்ன நாள் எண்டு. தென்னை ரெண்டு நிக்குது எண்டார். சின்னத் தென்னைக்கு இங்காலை எண்டார். உன்ரை லைற் முருங்கைக்குப் பின்னாலை மறைஞ்சிட்டுது. எழும்பினார். சாரத்தைத் தட்டினார். என்ன பாலேசு, பயந்திட்டீரோ எண்டு கேட்டார்.

— பிறகு கேட்டுப் பாக்கேல்லையோ?

— விடியக் கேட்டனான். கை விலகிட்டுது, வேறை பஸ், சிவப்புச் சட்டை. அவர் பொய் சொல்லேல்லை, பிள்ளை. பொய்யெண்டால் நான் அடிச்சுக் கேட்டிருப்பன். அவருக்கு அந்தப் பஸ் கண்ணிலை தெரியுது. அவள் கை காட்டுறதும் தெரியுது.

— அதாலைதான் என்ரை பேரிலை எழுதிக் குடுத்தனீங்களோ?

— உன்னைக் கொல்லலாம்போலை இருந்தது. நாலு நாளைக்கு முன்னம் எனக்கு ஒரு மகள் இருந்தவள். எங்கையோ ஒரு சிறை மறியலிலையோ, ஒரு வீட்டிலையோ, சோறு தின்னுகொண்டு இருந்தவள். நீ தரவையிலை நெருப்பு வைச்சாய். அவள் இல்லாமல் போனாள். வெடிபொருள் எண்டு நான் எழுதினது பிழையோ? சொல்லு.

— பிழையில்லை, அன்ரி.

— முறைப்பாட்டை நாளைக்கு விடியவே போய்த் திருப்பி வாங்குவன். அதுக்கும் நான் இனிக் கேக்கிறதுக்கும் தொடுசல் இல்லை. நீ ஓமெண்டாலும் வாங்குவன், மாட்டன் எண்டாலும் வாங்குவன். விளங்குதோ?

— என்ன கேக்கப் போறியள்?

— அந்தப் படத்துக்கு மாலை போடோணும். பிள்ளைக்குத் திவசம் குடுக்கோணும். என்ன திதியெண்டு ஐயர் கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல? எந்தத் தென்னையடியிலை போய் விழுந்து கும்பிட? நீ சொன்னாய், குடையைச் சின்னனா வெட்டினால் பத்துச் செக்கனிலை விழுமெண்டு.

— ஓம்.

— பெருப்பிச்சால்?

— பெருப்பிச்சால்... கன நேரம் நிக்கும். அன்ரி, வேண்டாம். அவருக்கு வயசு போட்டுது. வருத்தக்காரன். திரும்பவும் அந்த மேசைக்குக் கீழை அவரைக் கொண்டுபோய்... என்னட்டை அவர் என்ன கேட்டவர் எண்டு நீங்களும் கேட்டனீங்கள்தானே. பகலிலை கூட்டிக்கொண்டு போய்க் காட்டு எண்டு கேட்டவர். பகலிலை எண்டு ரெண்டு தரம் சொன்னவர்.

— கேட்டுக்கொண்டுதான் நிண்டனான். நாப்பது வருஷம் அந்த மனிசனோடை இருக்கிறன். எனக்குத் தெரியாமல் உனக்கோ தெரியப் போகுது?

— தெரிஞ்சுகொண்டுமோ கேக்கிறியள்?

— இஞ்சாரும் பாலேசு! படலையைத் திறவும்! சீனியும் வாங்கினன், பிள்ளைக்கு விசுக்கோத்தும் வாங்கினன்!

— வந்திட்டார். கெதியாக் கேள். நாளைக்குப் பொழுதுபடேக்கை, அதே தரவை, அதே வெள்ளை. நாப்பத்து மூண்டு காணாது, பிள்ளை. அண்டைக்குச் சொல்லிக்கொண்டு சின்னத் தென்னை வரைக்கும்தான் வந்தவர். ரெண்டு நிமிஷம் ஆகாயத்திலை நிக்கிறமாதிரி, பெரிய குடையா வெட்டி ஒருக்கா விடுவியே?